வெடிமருந்து ஆலை புல்வெளியான கதை

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துக்கு 'பிரெய்ரி மாநிலம்' என்று பட்டப்பெயர் உண்டு. பிரெய்ரி என்றால் ஆளுயரப் புல் வளரும் சமவெளி. ஒரு காலத்தில் அங்கே 2 கோடி ஏக்கருக்கு மேல் பிரெய்ரி இருந்தது. இன்று ஏர் படாமல் மிஞ்சியிருப்பது சில ஆயிரம் ஏக்கர்தான். மீதியெல்லாம் எங்கே போனது?

அந்தப் புல்லின் வேர் பத்தடி ஆழம்கூட இறங்கும். அது மக்கி மக்கி உண்டானதுதான் அங்கத்திய கறுப்பு மண். வளமான மண், ஆனால் பசை போல ஒட்டும்; பழைய கலப்பைகள் திணறின. 1837இல் ஜான் டியர் என்ற கொல்லர் வழவழப்பான எஃகுக் கலப்பை செய்தார். உழவு சுலபமானது. அதற்கு முன்பே, 1833இல் செய்த உடன்படிக்கை ஒன்றின் பேரில், அங்கே வாழ்ந்த பொட்டவாட்டமிப் பழங்குடி மக்களை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். நீர் தேங்கிய தாழ்நிலங்களையும் விடவில்லை. மண்ணுக்குள் சுட்ட களிமண் குழாய்களைப் பதித்து நீரை வடித்தார்கள். சதுப்பெல்லாம் மக்காச்சோள வயலானது.

1940இல் ஜோலியட் நகருக்கு அருகே அந்த வயல்களை வாங்கி, ராணுவம் வெடிமருந்து ஆலை கட்டியது. 1942 ஜூன் 5 அன்று, விடிவதற்குள், அங்கே நடந்த வெடிவிபத்து 48 உயிர்களைக் கொண்டுபோனது. 1970களில் உற்பத்தி நின்றது.

1996இல் அந்த நிலத்தில் பிறந்ததுதான் மிடேவின் தேசியப் புல்வெளி. 'மிடேவின்' என்பது குணமாக்குவோர் சபையைக் குறிக்கும் பொட்டவாட்டமிச் சொல். பரப்பு 18,000 ஏக்கருக்கும் மேல். வடிகால் குழாய்களைத் தோண்டி எடுத்தார்கள். நீர் திரும்பித் தேங்கியது. தொண்டர்கள் கையால் விதை சேகரித்தார்கள். புதர் மண்டாமலிருக்க, காலம் பார்த்துத் தீ வைக்கிறார்கள். 2015இல் பைசன் என்ற அமெரிக்கக் காட்டெருமைகள் 27 வந்திறங்கின.

சிகாகோவிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணம். நடைபாதைகளில் போனால், புல் மூடிய குண்டுக் கிடங்குகளைப் பார்க்கலாம். பைசன் மந்தை வேலிக்கு அப்பால் எங்கோ மேயும். தொலைநோக்கி எடுத்துப் போங்கள், வேலியைத் தாண்டாதீர்கள். மந்தை கண்ணில் படாவிட்டால் வருத்தப்படாதீர்கள். பள்ளத்தில் தேங்கியிருக்கும் நீரை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். குழாய் போட்டு விரட்டிய நீர் அது. வழி விட்டதும் வந்துவிட்டது.