நம்பவும் இல்லை, நகரவும் இல்லை

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், செய்தித்தாள் ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நம் குடியிருப்புவாசி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



பராமரிப்புக் கட்டணம், தண்ணீர் லாரி, லிஃப்ட் ஒப்பந்தம் எல்லாம் பேசி முடித்துக் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்குக் கால் மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். காபி வந்தால் அதற்கு முன்பே நிறுத்திக்கொள்கிறேன்.

மாலை நடைப்பயிற்சியில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "இந்தச் சேனல்காரன் சொல்றது எதையுமே நம்ப முடியாது சார்" என்பார் ஒருவர். அடுத்த சுற்று வருவதற்குள் அவரே, "காலையில் போட்ட டிவியை இப்பதான் சார் அணைச்சேன்" என்பார். எடை சரியில்லாத மளிகைக் கடையில் நாம் இரண்டாம் முறை சாமான் வாங்குவதில்லை. நம்பிக்கை இல்லாத டாக்டரிடம் போவதில்லை. செய்தியில் மட்டும், நம்பாத கடைக்கு நாள் முழுக்கப் போய்வருகிறோம். இது நம்மை என்ன செய்கிறது என்பதைத்தான் இன்று பேச நினைத்தேன்.

முதலில் ஒன்று. நம்பிக்கை போனதற்குக் காரணம் உண்டு. முப்பது வருடம் அந்த வீட்டுக்குள் இருந்தவன் என்பதால் இதை நான் சொல்லலாம். 2009 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில், காசு வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தி போலப் போட்டார்கள் என்று புகார்கள் எழுந்தன. இந்தியப் பத்திரிகை கவுன்சிலே விசாரித்து 2010-ல் அறிக்கை கொடுத்தது. தொலைக்காட்சிக்கு வந்தால், குறிப்பிட்ட சில வீடுகளில் கருவி பொருத்தி, யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறார்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் விளம்பரக் கட்டணம். அதிலேயே மோசடி என்று 2020-ல் புகார் கிளம்பியது. அந்த அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை செய்திச் சேனல்களுக்கு மட்டும் அந்தக் கணக்கை வெளியிடாமல் நிறுத்தி வைத்தார்கள்.

அதற்காக, "அந்தக் காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது" என்று நான் சொல்லவில்லை. காலை 7.15-க்கு டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமியின் குரல் வந்தால் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்ட தலைமுறை நாம். ஆனால் 1975 நெருக்கடி நிலையில் அதே வானொலியும் பத்திரிகைகளும் அரசு அனுமதித்ததைத்தான் சொல்ல முடிந்தது. 1984 அக்டோபர் 31 அன்று காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டார். அவர் இறந்த செய்தியைப் பலர் பிபிசியில் முதலில் கேட்டார்கள். ஆகாசவாணி மாலையில்தான் அறிவித்தது. ஆகவே சந்தேகம் நமக்குப் புதிதல்ல, அது கெட்டதும் அல்ல. பத்திரிகை டெஸ்கில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடமே சந்தேகப்படுவதுதான்.

சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. சேனலையும் பேப்பரையும் நம்பாதவர் எதையுமே நம்பாமல் இருந்துவிடுவதில்லை. அந்த நம்பிக்கை வேறு இடத்துக்குக் குடிபெயர்கிறது. மைத்துனர் அனுப்பினார், வங்கியில் கூட வேலை பார்த்தவர் அனுப்பினார், மூன்றாவது மாடி அக்கா அனுப்பினார் என்றால் நம்பிவிடுகிறோம். அனுப்பியவரை நமக்குத் தெரியும். எழுதியவர் யார் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

2015 மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். நாசா எச்சரித்தது என்று ஒரு செய்தி சுற்றியது. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி ஊருக்குள் வந்துவிட்டன என்று இன்னொன்று. அப்படி எதுவும் தப்பவில்லை என்று பண்ணைக்காரர்களே அறிவிக்க வேண்டியிருந்தது. செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டது என்று ஒரு புரளி. ஏரி உடையவில்லை. ஆனால் டிசம்பர் 1 இரவு அந்த ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் கரையில் இருந்த பலருக்கு அந்த எச்சரிக்கை உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. புரளி வீடு தேடி வந்தது, தேவையான தகவல் வரவில்லை. "புலி வருது" கதை நம் எல்லோருக்கும் தெரியும். தினம் பத்துப் பொய் கேட்ட காதில், பதினோராவதாக வரும் உண்மையும் பொய் போலத்தான் விழும்.

2018 மே மாதம் நடந்தது இன்னும் கொடுமை. குழந்தை கடத்தும் கும்பல் சுற்றுகிறது என்று வட மாவட்டங்களில் வாட்ஸ்அப்பில் பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில் இருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. அதைப் பார்த்து ஊரே திரண்டு அடித்தது. அறுபது வயது கடந்த ஓர் அம்மா இறந்துபோனார். அடித்தவர்கள் எல்லோரும் பிறவிக் கொலைகாரர்களா? குழந்தையைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தவர்கள். நாட்டில் இப்படிப் பல உயிர்கள் போன பிறகுதான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

நம் கேட்டுக்கே வருகிறேன். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு சண்டைகளின் காட்சிகளை எடுத்து ஒட்டியவை அவை. காவல்துறைத் தலைவர் மறுத்தார். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி நேரில் பார்க்கச் சொன்னது. ஆனாலும் ரயில் நிலையங்களில் கூட்டம் குறையவில்லை. அந்த வாரம் நம் இரவுக் காவலாளிக்கு ஊரிலிருந்து அவர் அம்மா மணிக்கு ஒரு தடவை போன் செய்து அழுதார். "இங்கே எனக்கு ஒன்றுமில்லை" என்று அவர் சொன்னதை அந்த அம்மா நம்பவில்லை. மகன் சொல்வதைவிடப் போனில் வந்த வீடியோ அவருக்குப் பெரிதாகிவிட்டது. பெற்ற பிள்ளையின் குரலையே ஒரு திரை தோற்கடிக்கிறது என்றால், இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியுமா?

இனி, ஓயாமல் பார்ப்பதைப் பற்றி. 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டத்தின்போது குண்டு வெடித்தது. கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் பிறகு 4,600-க்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்தார்கள். அடுத்த ஒரு வாரம் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம், குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களைவிட அதிக மன அழுத்தம் தெரிந்தது. இடத்தில் இருந்தவருக்குக் குண்டு ஒரு முறைதான் வெடித்தது. சோபாவில் இருந்தவருக்கு நூறு முறை வெடித்தது.

இது எப்படி நடக்கிறது என்று டெஸ்கில் இருந்தவனாகச் சொல்கிறேன். இருபத்து நான்கு மணி நேரத்தை நிரப்ப இருபத்து நான்கு மணி நேரச் செய்தி கிடையாது. கையில் இருப்பது பத்து விநாடிக் காட்சி. அதையே சுழற்றுவார்கள், வட்டம் போடுவார்கள், அம்புக்குறி போடுவார்கள், பின்னணியில் இசை சேர்ப்பார்கள். மாலையில் நான்கு பேரை உட்காரவைத்துச் சண்டை போடவிடுவார்கள். ஒரு தெருவில் நடந்த ஒரு திருட்டை நாற்பது முறை பார்த்தால், ஊரில் நாற்பது திருட்டு நடந்த பயம் மனதில் ஏறிவிடும். போனில் இன்னும் மோசம். பேப்பருக்குக் கடைசிப் பக்கம் உண்டு. விரலால் தள்ளிக்கொண்டே போகும் திரைக்குக் கடைசிப் பக்கம் கிடையாது. கண் டாக்டர்கள் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறைகிறது, அதனால்தான் எரிச்சலும் வறட்சியும்.

இங்கே ஒன்றை மெதுவாகச் சொல்ல வேண்டும். நம் பிளாக்குகளில் பகல் முழுக்க டிவி ஓடும் வீடுகள் பெரும்பாலும் பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடுகள். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள், அல்லது வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் டிவி போடுவது செய்திக்காக இல்லை, வீட்டில் ஒரு மனிதக் குரல் கேட்கட்டும் என்றுதான். "டிவியை அணையுங்கள்" என்று அவர்களிடம் சொல்வது சுலபம். அணைத்த பிறகு யார் பேசுவது? அதற்கும் பதில் வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். சங்கத்தின் முன் சில யோசனைகள் வைக்கிறேன். பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, சங்கத்துக்கென அறிவிப்புக் குழு தனியாக இருக்கட்டும். அதில் செயற்குழு மட்டுமே எழுதும். தண்ணீர், மின்தடை, மழை, அவசரம், இவ்வளவுதான். அரட்டைக் குழுவில் "குட் மார்னிங்" போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மழைக்காலத்தில் உண்மையான எச்சரிக்கை அந்தப் பூக்களுக்கு அடியில் புதைந்துபோகக் கூடாது.

இரண்டு, எதையும் மற்றவருக்கு அனுப்பும் முன் மூன்று கேள்வி. எங்கே நடந்தது? எப்போது நடந்தது? யார் சொல்கிறார்கள்? ஊர், தேதி, பெயர் மூன்றும் இல்லாத செய்தியை உங்கள் போனோடு நிறுத்திவிடுங்கள். "உடனே எல்லோருக்கும் பகிருங்கள்" என்று முடிந்தால் கூடுதல் சந்தேகம் கொள்ளுங்கள். உண்மைச் செய்தி இப்படிக் கெஞ்சுவதில்லை.

மூன்று, மழைக்கு வானிலை ஆய்வு மையம். வெள்ளம், பேரிடர் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. சென்னை மாநகராட்சிக்கு 1913. இந்த எண்களை லிஃப்ட் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டிவைப்போம்.

நான்கு, செய்திக்கு நேரம் வையுங்கள். காலையில் ஒரு பேப்பர், மாலையில் ஒரு செய்தியறிக்கை. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு போன் கூடத்திலேயே இருக்கட்டும். நாடு ஒன்றும் நகர்ந்துபோய்விடாது.

ஐந்து, இதுதான் எனக்கு முக்கியம். கீழே சங்க அறை பெரும்பாலான நாட்கள் பூட்டியே கிடக்கிறது. அதில் மூன்று செய்தித்தாள்களும் ஒரு மின்விசிறியும் போதும். ஒரே செய்தியை மூன்று பேப்பர் எப்படிப் போடுகிறது என்று பார்த்தாலே பாதித் தெளிவு வந்துவிடும். ஒன்று பெரிதாகப் போட்டதை இன்னொன்று மூலையில் போட்டிருக்கும், மூன்றாவது விட்டேவிட்டிருக்கும். ஏன் என்று பேசலாம், சண்டையும் போடலாம். முகம் பார்த்துப் போடும் சண்டை காபியோடு முடிந்துவிடும். தினமும் மாலை ஐந்து மணிக்கு நான் திறந்துவைக்கிறேன். வரும்போது பக்கத்து வீட்டில் தனியாக இருப்பவரையும் கூப்பிட்டு வாருங்கள்.

எல்லோரையும் நம்பு என்று நான் சொல்லவில்லை. யாரையுமே நம்பாதே என்றால் அதுவும் தோல்விதான். யாரிடம் எதை எப்படிச் சரிபார்ப்பது என்று தெரிந்துகொண்டால் போதும். அதைத் தனியாகத் திரை முன் உட்கார்ந்து கற்றுக்கொள்வது கஷ்டம். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் சுலபமாக வரும்.

காபி வாசனை வருகிறது.