ஒரு கைக்கும் பாடம் உண்டு

(ஆதரவாளர்கள் கூட்டத்தில், நமது மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற தட்டச்சு ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



திண்டுக்கல்லில் பல வருஷங்கள் தட்டச்சுப் பள்ளி நடத்தியவன் நான். லோயர், ஹையர் பரீட்சைக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லுவேன்: "விசையைப் பார்க்காதே. பத்து விரலும் வேலை செய்யட்டும்." அப்படிச் சொன்னவனுக்கே பக்கவாதம் வந்து, வலது கை விழுந்துவிட்டது. ஒரு கையொப்பம் போடக்கூட முடியாமல் இங்கே படுத்திருந்தேன். பிழைத்தது எதற்கு என்றுகூட நினைத்ததுண்டு.

ஒரு நாள் பயிற்சி கொடுக்க வந்த சகோதரி கேட்டார்கள்: "சார், உங்கள் இடது கைக்கு நீங்களே லோயர் பாடம் எடுக்கக்கூடாதா?"

மறுநாள் ஒரு சாணுக்குச் சற்றே கூடுதலான ஒரு சின்னக் கீபோர்டைக் கொண்டுவந்தார்கள். பெரிய கீபோர்டில் ஒரே கை அங்குமிங்கும் அலைய வேண்டும். சின்னதில் கை நடுவில் இருந்தபடியே இரு கோடிக்கும் எட்டும். ஆகவே 'ஏ எஸ் டி எஃப்' என்ற பழைய பாடத்தை மறந்து, நான்கு விரல்களையும் எஃப், ஜி, எச், ஜே மேல் வைத்தேன். ஷிஃப்டையும் எழுத்தையும் சேர்த்து அமுக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. அதற்கும் வழி உண்டு. விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால், 'ஸ்டிக்கி கீஸ்' என்ற வசதி வேண்டுமா என்று கேட்கும். அதை ஏற்றுக்கொண்டால், ஒன்றன்பின் ஒன்றாக அமுக்கினாலே போதும்.

கனடாவில் எட்கர் மத்தியாஸ் என்பவர் வேறொரு வழி கண்டார். பாதிக் கீபோர்டு போதும். இடைவெளிக் கட்டையை அமுக்கிப் பிடித்தால் மறுபாதி எழுத்துகள் கண்ணாடிப் பிம்பம்போல இந்தப் பக்கம் வந்துவிடும். வலது நடுவிரல் அடித்த எழுத்தை இடது நடுவிரல் அடிக்கும். 1993-இல் வெளியான அவர்கள் ஆய்வில், இரு கையால் தட்டச்சு தெரிந்தவர்கள் பத்து மணி நேரப் பயிற்சியில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 24 முதல் 43 வார்த்தைகள் வரை ஒரு கையால் அடித்தார்கள். ஆங்கில லோயர் பரீட்சையின் வேகமே 30 தான்! பழகிய வித்தை கையில் மட்டும் இல்லை, மூளையிலும் இருக்கிறது என்று அதைப் படித்தபோது தெரிந்துகொண்டேன்.

தமிழுக்கு 1999-இல் வந்த 'தமிழ்99' முறை நமக்கு ஓர் உதவி. கிரந்த எழுத்துகளுக்குத் தவிர ஷிஃப்ட் அநேகமாக வேண்டியதில்லை. 'க' இரண்டு முறை தட்டினால் புள்ளி தானே விழுந்து 'க்க' ஆகிவிடும்.

ஒரு பயம் மட்டும் இருந்தது. இடது கை தேறிவிட்டால் வலது கை சோம்பிப்போகாதா? சகோதரி கண்டிப்பாகச் சொன்னார்கள்: "காலையில் வலது கைக்குப் பயிற்சி; அது முடிந்த பிறகுதான் கீபோர்டு." தட்டும்போதுகூடக் காகிதத்தைப் பிடிக்கும் வேலை வலது கைக்குத்தான். இன்று அது டம்ளரைப் பிடிக்கிறது. இடது கை நிமிடத்துக்கு 22 வார்த்தை அடிக்கிறது. என் பள்ளியில் இந்த வேகத்துக்குப் பாஸ் போட்டிருக்க மாட்டேன்!

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அவர்கள் எங்கே, நான் எங்கே! ஆனாலும் மீதியிருப்பதைக் கொண்டு தொடங்கலாம் என்பது எனக்கும் பொருந்தும் அல்லவா?

இப்போது வியாழக்கிழமைதோறும் இங்கே வருகிறேன். மில்லில் இயந்திரத்தில் கை சிக்கிய ஒரு தம்பிக்கு வலது கை மட்டும்தான். அவனுக்கு எஃப்பில் ஆட்காட்டி விரல், எனக்குச் சுண்டு விரல். பாடம் ஒன்று, விரல் வேறு. போன வாரம் தன் பெயரைப் பார்க்காமல் அடித்தான்.

அந்தச் சின்னக் கீபோர்டு பெரிய விலை இல்லை. மாதக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் ஆள்தான் விலை. அந்த ஆளை இங்கே வைத்திருப்பது உங்கள் காணிக்கை. என் இரு கைகளாலும் உங்களுக்கு நன்றி.