புதிய வாள் விளையாட்டும் மூன்று கேள்விகளும்



2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் களமிறங்கிய முதல் இந்திய வாள்வீச்சு வீரர், நம் பவானி தேவி. அவரைப் பார்த்து வாள் கேட்கும் மாணவர்களுக்குப் புதிய விளையாட்டுகளும் கண்ணில் படுகின்றன. திரைப்படங்களில் வரும் ஒளிவாளைக் கொண்டு ஆடுவதை, 2019இல் பிரெஞ்சு வாள்வீச்சுக் கூட்டமைப்பே ஒரு போட்டிப் பிரிவாக ஏற்றது.

வாள்வீச்சு வீரர்கள் பலர் இவற்றை ஐயத்தோடு பார்க்கிறார்கள். அதைப் பொறாமை என்று நான் ஒதுக்க மாட்டேன். 1982இல் ரோம் உலகப் போட்டியில் எதிராளியின் வாள் முறிந்து முகக்கவசத்தைத் துளைத்ததில், ஒலிம்பிக் சாம்பியன் விளாடிமிர் ஸ்மிர்னோவ் உயிரிழந்தார். அதன்பிறகு வாளின் எஃகு, முகக்கவசம், உடை மூன்றுக்கும் விதிகள் கடுமையாயின. பழைய விளையாட்டே உயிரைக் கொடுத்துத்தான் பாடம் கற்றது.

ஆகவே, எந்த வாளையும் மாணவர் கையில் கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்போம். முகக்கவசம் அந்த வாளின் அடியைத் தாங்குமெனச் சோதிக்கப்பட்டதா? அடி பட்டதா இல்லையா என்பதை யார், எப்படித் தீர்மானிக்கிறார்? பயிற்றுநர் யாரிடம் கற்றார்?

தெளிவான விடை இருந்தால், புதியது என்பதற்காகத் தடுக்க வேண்டாம். இல்லையென்றால், பழையது என்பதற்காக அனுமதிக்கவும் வேண்டாம். சிலம்பத்துக்கும் இதே கேள்விகள்தான்.

குமாரபாளையத்துக்குத் தெரியாததல்ல: தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போட்டு ஓட்டலாம். குழந்தையின் கண்ணுக்கு முடிச்சு கிடையாது.