நீரைக் காத்தவர்க்கு நீரில் பங்கு
(வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஏரியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கருதக்கூடும். ஏட்டுக் கல்வி நமக்கு மறுக்கப்பட்டிருந்த காலத்தில், நம் மூத்தோர் ஏரிக்கரையில் நின்று கற்ற கல்வி ஒன்று உண்டு. அதனை இன்று நினைவுகூர விரும்புகிறோம்.

நிலம், நீர், மரம் ஆகிய வளங்களைத் தனித்தனியே காத்தல் இயலாது. ஒருங்கிணைத்தே காக்க வேண்டும் என்று அறிஞர் வற்புறுத்துகின்றனர். தமிழகத்து ஏரி இதற்குக் கண்கூடான சான்று. நீர்ப்பிடிப்பு நிலத்தில் புல்லும் புதரும் அழிந்தால், மண் அரித்து வந்து ஏரி தூர்ந்துவிடும். வரத்துக்கால்வாய் அடைபட்டால், பெய்த மழையும் ஏரியை அடையாது. ஏரி வறண்டால் ஊர்க் கிணறுகளும் வற்றும். படிந்த வண்டலை வாரி வயலில் இட்டாலோ ஏரி ஆழம் பெறும். வயல் வளம் பெறும். மீனும், கரை மரமும், கால்நடைக்குப் புல்லும் அவ்வேரியைச் சார்ந்தனவே.

இவற்றை நன்கறிந்து பேணியவர் யாவர்? பல ஊர்களில் நீர்க்கட்டிகளாக இருந்து மதகு திறந்தவரும், அடைமழை இரவுகளில் கரை காத்தவரும் நம் மக்களே. நீர் குறைந்த காலத்தில் முறை வைத்துக் கடைமடைக்கும் பகிர்ந்தளித்தனர். அவர்கள் பெற்றதோ களத்தில் அளந்த நெல் மட்டுமே. அவர்கள் நீர் பாய்ச்சிய வயல் பிறருடையது. ஊர்ப் பொதுக் குளத்தில் குடிநீர் மொள்ளவும் அவர்களுக்குத் தடை இருந்தது. மராட்டிய நாட்டில் இத்தகைய தடையை எதிர்த்தே 1927ஆம் ஆண்டு அண்ணல் அம்பேத்கர் மகாத் குளத்தில் இறங்கி நீர் பருகினார்.

1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் ஆபத்து நேர்ந்தால் உழைக்கும் வகுப்பினரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க இடம் தந்தது. 2000ஆம் ஆண்டின் தமிழ்நாடு உழவர் பாசன அமைப்புகள் மேலாண்மைச் சட்டமோ, நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களை நிலவுடைமையின் அடிப்படையில் அமைத்தது. உழைப்பு வேண்டியபோது சட்டம் நம்மை அழைத்தது; உரிமை வகுத்தபோது நிலம் எங்கே என்று கேட்டது. 1892ஆம் ஆண்டின் ஆணையால் நம்மவர்க்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களும் பல ஊர்களில் கைமாறிப் போயின. பின்னர் நிலத்திற்கு எங்கே போவது?

நிலமற்றோரை நீக்கி நடத்தும் பாதுகாப்பு, ஒருங்கிணைந்த பாதுகாப்பு ஆகாது. மீன்பாசிக் குத்தகையிலும், மர ஏலத்திலும், வண்டல் எடுப்பதிலும் நமக்குப் பங்கு வேண்டும். ஏரியைப் பற்றி முடிவெடுக்கும் அவையில் இடமும் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! மதகைத் திறக்க நம் மூத்தோர் அறிந்திருந்தனர். ஏரியின் வரைபடத்தையும் புல எண்ணையும் கணக்கையும் படிக்க நீங்கள் அறிந்துகொள்ளுங்கள். கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள். அவ்விரு கல்வியும் ஒன்று சேரும் நாளே இச்சங்கத்திற்கு உண்மையான விழா நாள் என்று கூறி அமைகிறோம்.