மிளகளவு புள்ளியை அலட்சியம் செய்யாதீர்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று கார் கண்ணாடியைப் பற்றிப் பேசப் போகிறேன். நான் மெக்கானிக் இல்லை. வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். பட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

போன பங்குனியில் குடும்பத்தோடு அய்யனார் கோவிலுக்குப் போய்த் திரும்பினோம். ஊருக்குள் நுழையும் முன் எதிரே வந்த ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறித்து முன் கண்ணாடியில் பட்டது. இறங்கிப் பார்த்தால் மிளகளவு புள்ளி. "நாளைக்கே காட்டிடுங்க" என்றாள் மனைவி. "புள்ளிதானே" என்று நான் விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, உச்சி வெயிலில் நின்ற காரின் மேல் ஒரு வாளி குளிர்ந்த தண்ணீரை ஊற்றினேன். 'டக்' என்று ஒரு சத்தம். புள்ளியிலிருந்து ஒரு கோடு ஓட்டுநர் பக்கம் வரை ஓடிவிட்டது. அப்போதும் வண்டியை நிறுத்தவில்லை. அன்றிரவு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும்போது எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சம் அந்தக் கோட்டில் பட்டுச் சிதறியது. முன்னால் சைக்கிளில் போன பெரியவரைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். பிரேக் பிடித்துவிட்டேன். ஆனால் வீடு வந்து சேரும் வரை கை நடுங்கியது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் அந்தத் தம்பி சொன்னார்: "சார், அன்னைக்கே வந்திருந்தா சில நூறு ரூபாயோட முடிஞ்சிருக்கும். இப்ப முழுக் கண்ணாடியும் மாத்தணும்."

ஏன் அப்படி? முன் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி இல்லை. இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். பிரெஞ்சு வேதியியலாளர் எட்வார்ட் பெனடிக்டஸ் 1909-ல் இதன் முன்னோடிக்குக் காப்புரிமை பெற்றார். உடைந்தாலும் சில்லுகள் நம் மேல் கொட்டாமல் படலம் பிடித்துக்கொள்ளும். பக்கக் கண்ணாடி வேறு வகை; உடைந்தால் கல்கண்டு போல உதிர்ந்துவிடும், அதை ஒட்ட முடியாது. கல் பட்டால் முன் கண்ணாடியில் பெரும்பாலும் வெளித் தகடு மட்டும்தான் அடிபடும். அதனால்தான் அதைச் சரிசெய்ய முடிகிறது.

செய்வது இதுதான். புள்ளியின் மேல் ஒரு கருவியைப் பொருத்தி உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு ரெசின் என்ற பசையை அழுத்திச் செலுத்தி, புற ஊதா விளக்கில் இறுக வைத்து மேலே தேய்த்துவிடுவார்கள். சின்னப் புள்ளி என்றால் அரை மணி நேர வேலை. லேசான தழும்பு தெரியும், ஆனால் விரிசல் மேற்கொண்டு ஓடாது.

எல்லாவற்றையும் ஒட்ட முடியாது. புள்ளி ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக இருந்தாலோ, கண்ணாடியின் ஓரத்தை ஒட்டி இருந்தாலோ, உள் தகடும் அடிபட்டிருந்தாலோ மாற்றுவதுதான் சரி. ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே இருந்தாலும் அப்படித்தான். ஒட்டிய தழும்பே அங்கே பார்வையை மறைக்கும். பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் வாகனச் சோதனையில், ஓட்டுநருக்கு நேரே உள்ள பகுதியில் 10 மி.மீ.க்கு மேல் சேதம் இருந்தாலே வண்டி தேறாது.

கல் பட்டால் உடனே செய்ய வேண்டியவை:

1. புள்ளியின் மேல் ஒளிபுகும் செலோ டேப் ஒட்டுங்கள். தூசியும் ஈரமும் உள்ளே போய்விட்டால் ரெசின் சரியாகப் பிடிக்காது.
2. ஃபெவிக்விக், நகப்பூச்சு எதையும் வைக்காதீர்கள். பிறகு ரெசின் நுழைய இடமிருக்காது.
3. வண்டியை நிழலில் நிறுத்துங்கள். சூடான கண்ணாடியில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஏசி காற்றையும் நேரே கண்ணாடிக்குத் திருப்பாதீர்கள்.
4. இரண்டு மூன்று நாளுக்குள் காட்டிவிடுங்கள்.

இனி என் பழைய தொழில், கணக்கு. "இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்பீர்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் கண்ணாடிக்கு ஒன்றும் கிடைக்காது. முழுப் பாலிசியில் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் 1500 சிசி வரையுள்ள காருக்கு முதல் 1,000 ரூபாய் நம் கையிலிருந்து போகும். கிளெய்ம் செய்தால் நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். சொந்த சேதத்துக்கான பிரீமியம் 8,000 ரூபாய், உங்கள் போனஸ் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு போனஸ் பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50-க்கு வரும். பிரீமியம் மாறாவிட்டால் அந்த ஐந்து ஆண்டுகளில் மொத்த இழப்பு 10,000 ரூபாய். எனவே கிளெய்ம் போடும் முன் கணக்குப் பாருங்கள். போனஸைப் பாதுகாக்கும் கூடுதல் பாலிசி உங்களிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அவசரப்படாதீர்கள். கண்ணாடியை ஒட்டும் பசை இறுகும் வரை வண்டியை எடுக்கக் கூடாது. விபத்தில் பக்கத்து இருக்கையின் ஏர்பேக் விரியும்போது இந்தக் கண்ணாடிதான் அதற்கு முட்டுக் கொடுக்கிறது.

சாலையில் ஜல்லி, மணல் லாரியைக் கண்டால் இடைவெளி விட்டே போங்கள். இன்று கீழே இறங்கியதும் உங்கள் கார் கண்ணாடியை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். புள்ளி ஏதாவது தட்டுப்பட்டால் நாளைக்குத் தள்ளாதீர்கள். எனக்குப் பணம் போனது பெரிதாகத் தெரியவில்லை. அந்த சைக்கிள் பெரியவரை நினைத்தால்தான் இன்றும் தூக்கம் வருவதில்லை.