தவறைத் தாங்கும் கருவிகள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் வைத்தியரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



1990இல் இடம்பெயருமுன் கீரிமலைக் கேணியில் குளித்தவர்கள் எம்மில் பலர். கேணிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சுவர் உண்டு. கால் வழுக்கினாலும் கேணிக்குள்தான் விழுவோம். அலை இழுத்துப் போகாது. கட்டியவர்கள் "வழுக்காதே" என்று சொல்வதோடு நிற்கவில்லை.

வைத்தியத் துறையில் இந்தப் பாடத்தை உயிர்களைக் கொடுத்தே கற்றோம். தெராக்-25 என்ற கதிர்ச்சிகிச்சைக் கருவி 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு பேருக்கு அளவுகடந்த கதிரைச் செலுத்தியது. முந்திய கருவிகளில் அதைத் தடுக்கத் தனிப் பூட்டுகள் இருந்தன. இதில் அவற்றை விட்டுவிட்டுக் கணினி நிரலை மட்டும் நம்பினார்கள். இயக்குபவர் தட்டச்சுப் பிழையொன்றை விரைவாகத் திருத்தியபோது நிரல் தடுமாறியது. திரையில் "கோளாறு 54" என்று மட்டும் வந்தது. ஒரு விசையை அழுத்தினால் சிகிச்சை தொடர்ந்தது.

2011இல் நாகர்கோவில் அரச மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்கு ஒட்சிசனுக்குப் பதிலாக நைட்ரஸ் ஒக்சைட் செலுத்தப்பட்டது. அவர் மீளவேயில்லை. இப்படி மாறாதிருக்கவே சிறிய சிலிண்டர்களின் வாயில் வாயுவுக்கு வாயு வேறு இடத்தில் துளை வைக்கிறார்கள். சுவரிலுள்ள குழாயே மாறிப் பூட்டப்பட்டால் அந்தக் காவலும் உதவாது. அதனால் நோயாளிக்குப் போகும் ஒட்சிசனை அளக்கும் மானியும் வேண்டும். ஒரு சுவர் போதாது.

இனி எங்கள் கதை. பயிற்சி வைத்தியர்களாக நாங்கள் நால்வர் வேலை செய்த ஒரு விடுதியில் உப்புநீர்க் குப்பியும் பொற்றாசியம் குளோரைட்டுக் குப்பியும் ஒரே தட்டில், ஒரே தோற்றத்தில் இருந்தன. ஓர் இரவு தாதி ஒருவர் மாற்றி எடுத்துவிட்டார். ஊசி ஏற்றுமுன் எம்மில் ஒருத்தி கண்டதால் நோயாளி தப்பினார். மறுநாள் விசாரணை அந்தத் தாதியோடு முடிந்தது. அவர் அழுதுகொண்டு நின்றார். நாங்கள் வாய் திறக்கவில்லை. குப்பிகள் அதே தட்டில் இருந்தன. அடுத்த முறை மாறுவது எங்கள் கையாகவும் இருக்கலாம் என்று தெரிந்தும் பேசாதிருந்தோம்.

தாதியராகவும் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் இங்கிருந்து போகப்போகும் தங்கைமாரே, பிழை நடந்தால் "யார் செய்தது?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "சுவர் எங்கே?" என்றும் கேளுங்கள். அன்று நாங்கள் கேட்காத கேள்வி அது.