படுகை மக்களின் உடல்நலம்

(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



காவிரியின் மிகைவெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டு செல்லும் ஆறு கொள்ளிடம். அதன் கடைமுகப் பகுதியில் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு போன்ற ஊர்கள் உள்ளன. படுகை மண் வளமானது. பூவும் காய்கறியும் செழிக்கும். ஆயினும் 2018-லும் 2022-லும் வெள்ளம் சூழ்ந்தபோது மக்கள் வீடு வாசலை விட்டுக் கரையேற நேர்ந்தது.

சமவெளியில் 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 மக்களுக்கு ஒரு துணை நிலையம் என்பது விதி. இவ்விதி மக்களை எண்ணுகிறது. இடையில் ஓடும் தண்ணீரை எண்ணுவதில்லை. 2008 முதல் இயங்கிவரும் 108 ஊர்தியும் வெள்ளக் காலத்தில் கரை வரையில்தான் வரும். கரைக்கும் வீட்டுக்கும் இடையேயுள்ள தொலைவு ஊராட்சியின் பொறுப்பாகும்.

ஒரு வெள்ள இரவில் பேறுகால வலி கண்ட பெண் ஒருத்தியைக் கட்டிலோடு படகில் ஏற்றியதை நாம் நேரில் கண்டோம். படகு இருந்தது, துடுப்பு எவர் வீட்டில் உள்ளதெனத் தேடுவதில் ஒரு மணி நேரம் கழிந்தது. தாயும் சேயும் பிழைத்தனர். அது நம் ஏற்பாட்டின் பயன் அன்று, நற்பேறே ஆகும். நற்பேற்றை நம்பி நிருவாகம் நடத்தலாகாது.

அஸ்ஸாம் மாநிலத்தில், பிரம்மபுத்திராவின் மணல்தீவுகளில் வாழும் மக்களுக்கென 2005-இல் படகு மருத்துவமனை தொடங்கப்பெற்றது. மருத்துவரும் செவிலியரும் மருந்துடன் தீவுகளுக்கே சென்று தடுப்பூசி போடுகின்றனர், கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கின்றனர். நமக்கு அத்துணைப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. மேட்டூரில் உபரிநீர் திறந்தால், அது கடைமுகத்தை அடைய ஓரிரு நாட்களேனும் ஆகும். அந்நாட்களை வீணாக்காதிருப்பதே போதும்.

அதற்கு மூன்று காரியங்கள் செய்தல் வேண்டும்.

முதலாவது, பட்டியல். ஆடி முதல் மார்கழி வரை பேறுகாலம் எதிர்நோக்கும் தாய்மார், நாள்தோறும் மருந்து உண்போர் ஆகியோரின் பெயர்களைக் கிராம சுகாதாரச் செவிலியருடன் கலந்து எழுதி வையுங்கள். நாள் நெருங்கிய தாய்மாரை வெள்ளம் வருமுன்னரே மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள். மற்றவர் கையில் ஒரு மாத மருந்து இருக்கட்டும்.

இரண்டாவது, படகு. படகு, துடுப்பு, கயிறு, விளக்கு, ஓட்டுபவர் ஆகிய ஐந்தும் எங்கே என்பதைத் தீர்மானத்தில் பதிவு செய்யுங்கள்.

மூன்றாவது, குடிநீர். வெள்ளம் வடிந்தபின் மேல்நிலைத் தொட்டியைக் கழுவிக் குளோரின் கலந்த பின்னரே நீர் விடுங்கள். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கலந்து கொடுங்கள். காலில் புண்ணுடன் சேற்றில் இறங்கும் உழவர்க்கு எலிக்காய்ச்சல் வரக்கூடும். காய்ச்சல் கண்டால் தாமதியாது மருத்துவரிடம் செல்லல் நன்று.

இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும் ஊரின் ஒற்றுமையும் போதும். அடுத்த கூட்டத்தில் முதற் பொருளாக இப்பட்டியலை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.